கோழியின் தலை பார்த்த பக்கம்

அன்று மாலை ஆண்டிறுதி விருந்தில் யூலான் செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான். எழுந்து நின்று, நகரத் தலைவர் ஹோங்கைப் பார்த்துக் கோப்பையை உயர்த்தி, "அவசரப்பட்டுப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும். சொன்னால் புத்தாண்டுக்குப் பிறகும் குப்பை வண்டியில் வேலை உண்டு. சொல்லாவிட்டால் இல்லை. துப்புரவுப் பிரிவின் மேற்பார்வையாளர் செங் காலையிலேயே அவள் காதில் இதை ஓதிவிட்டுப் போயிருந்தார். "ஒரு வாய் வார்த்தைதானே, நாக்கு தேஞ்சா போயிடும்?" என்று இளிப்பு வேறு.

அப்படி என்ன பேசிவிட்டாள்? போன மாதம் நகர மன்றக் கூட்டத்தில், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "பாட்டுப் போட்டுக்கிட்டு வர்ற அதே வண்டி. பின்னாடி அதே படியில நாங்களும் தொங்குறோம், நிரந்தர ஆளுங்களும் தொங்குறாங்க. ஒரே மழை, ஒரே நாத்தம். சம்பளமும் போனசும் மட்டும் தற்காலிக ஆளுன்னா ஏங்க பாதி?" அவ்வளவுதான். கூட்டம் கைதட்டியது. அந்தக் கைதட்டல்தான் ஹோங்குக்குப் பொறுக்கவில்லை.

கோயில் முற்றத்தில் பந்தல் போட்டு, வட்ட மேசைகளில் சிவப்பு பிளாஸ்டிக் விரித்திருந்தார்கள். மன்ற உறுப்பினர்களும் வந்திருந்தார்கள். ஹோங் தொழிலாளர்களோடு சேர்ந்து சாப்பிடுவதாகப் படம் எடுக்க வேண்டுமாம், நேராக யூலானின் மேசைக்கே வந்து எதிரில் உட்கார்ந்தார். தேர்தல் வருகிற வருடம் என்றால் தலைவர்களுக்குக் குப்பைக்காரர்களின் வாசம்கூடப் பிடித்துப்போய்விடும். செங் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

யூலான் சாப்பாட்டுக் குச்சிகளால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். வீட்டு வாடகை அவள் சம்பளத்தில்தான் போகிறது. மகளின் நர்சிங் படிப்பு இன்னும் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டுத் தொலைத்தால்தான் என்ன என்று ஒரு மனம் சொன்னது. கேட்டது நியாயம்தானே, நியாயத்துக்கு எதற்கு மன்னிப்பு என்று இன்னொரு மனம் முரண்டு பிடித்தது. பக்கத்தில் வண்டி ஓட்டுநர் லியாவ் தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் நிரந்தர ஊழியர், ஓய்வூதியம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அவருக்கென்ன கவலை என்று அவளுக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

அப்போதுதான் முழுக்கோழி வந்தது.

ஆண்டிறுதி விருந்தில் கோழியின் தலை யாரைப் பார்க்கிறதோ, அவருக்குப் புத்தாண்டோடு வேலை போயிற்று என்பது ஊரறிந்த பழைய வழக்கம். யாரையும் அனுப்பப் போவதில்லை என்றால் முதலாளி தலையைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வார். பரிமாற வந்த பெண் செங்கின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டை மேசை நடுவில் இருந்த சுழல்பலகையின் மேல் வைத்து, அலகு நேராக யூலானைப் பார்க்கும்படி திருப்பினாள். செங் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன யூலான், கோழி உன்னையே பாக்குது? தலைவர்கிட்ட ஏதோ சொல்லணும்னியே?" என்றார் செங்.

யூலான் கோப்பையோடு எழுந்தாள். கோப்பையைப் பிடித்த தன் கையைப் பார்த்தாள். இந்தக் கையா மன்னிப்புக்குக் கோப்பை தூக்குவது என்று அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. புயல் அடித்த மறுநாள் இடுப்பளவு சேற்றில் நின்று இந்த ஊரின் அழுக்கை அள்ளிய கை அது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டாள்.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல தலைவரே. அன்னிக்குக் கேட்டது கேட்டதுதான். இன்னிக்கும் அதையேதான் கேக்குறேன்."

லியாவ் வாயைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டிப் பலகையை ஒரு தள்ளு தள்ளினார். கோழியின் தலை அவர் முன் வந்து நின்றது.

"என்னைப் பாக்கட்டும்."

"அண்ணே, உங்களுக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றாள் யூலான், பதறிப்போய்.

"இந்தா பொண்ணே, உனக்குப் பாதி குடுத்தா அந்த வேலையோட மதிப்பே பாதின்னு அர்த்தம். அது என் வேலையும்தான். உக்காரு."

அடுத்திருந்தவன் பலகையைத் தன் பக்கம் இழுத்தான். "எனக்கும் இருக்கட்டும்." அவனுக்கு அடுத்தவள், "ஏன், என் மூஞ்சி கோழிக்குப் பிடிக்காதா?" என்று தள்ளினாள். நிரந்தர ஆள், தற்காலிக ஆள் என்ற பேதம் இல்லாமல் ஒவ்வொருவராகத் திருப்ப, கோழி மேசையைச் சுற்றி ஊர்வலம் வந்தது. மற்ற மேசைக்காரர்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். தன் முறை வந்தபோது செங் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். யாரோ பின்னாலிருந்து எட்டி, அவரைத் தாண்டித் தள்ளிவிட்டார்கள்.

தலை ஹோங்கின் முன் வந்து நின்றது.

"கோழி எங்க எல்லாரையும் பாத்தாச்சுங்க தலைவரே. இனிமே நீங்க சொல்லுங்க" என்றார் லியாவ்.

ஹோங் சுற்றிலும் பார்த்தார். மன்ற உறுப்பினர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் எடுக்க அவரே கூட்டி வந்த ஆள் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தான். ஹோங் கோழித்தலையைச் சாப்பாட்டுக் குச்சியால் பிய்த்தெடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்.

"யாரும் போகல."

"சம்பளம்?" என்றாள் யூலான். உட்காரவில்லை அவள்.

"அடுத்த கூட்டத்துல..."

"நிரந்தர ஆளுங்களுக்குச் சமமா?"

அவர் தொண்டையைச் செருமினார். "சமமாத்தான். நானே முன்மொழியறேன்."

"நான் வழிமொழியறேன்!" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் மன்ற உறுப்பினரின் குரல் வந்தது. பந்தலே கைதட்டியது.

அப்போதுதான் யூலான் தன் கோப்பையை மறுபடி எடுத்தாள். ஹோங்கும் தனக்குத்தான் என்று நினைத்துத் தன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். அவள் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி, லியாவையும் அவருக்குப் பின்னால் முண்டியடித்து நின்ற அத்தனை வண்டிக்காரர்களையும் பார்த்துக் கோப்பையை உயர்த்தினாள்.