வயல் மாறிய வருஷம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை வடையில் தொடங்கியது. திருவிடைமருதூரில் ஒரு நூலகக் கூட்டம். டீயும் வடையும் உண்டு என்றார்கள், போனேன். செயற்கைக்கோளை வைத்து மழையை அளப்பது பற்றி ஒரு பெண் பேசினார். திரையில் இருபது வருஷ மழை ஒரே கோடாக ஓடியது. நடுவில் ஓரிடத்தில் கோடு திடீரென்று கீழே இறங்கியது. "இது மழை குறைஞ்சதால இல்லைங்க," என்றார். நான் வடையைக் கீழே வைத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை, இசைவாணி என்று வைத்திருக்கிறேன். (கூட்டத்தில் 'அவர்'. கதைக்குள் வந்தால் 'அவள்'. மரியாதை குறைந்துவிடவில்லை, நெருக்கம் கூடியிருக்கிறது.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அன்று வானம்

வேண்டாம். வானத்தைத் தொட்டால் என் பேனா வர்ணனையில் இறங்கிவிடும்.

அடுத்தது: "கூலிக் குடும்பத்தில் பிறந்த இசைவாணி கண்ணீர் மல்க

இதுவும் வேண்டாம். அழுகிற பெண்ணை எழுதுவது எனக்குச் சுலபம் என்பதற்காக அவள் ஏன் அழ வேண்டும்?

நேராகவே சொல்கிறேன். குத்தாலத்துப் பக்கத்து ஊர்க்காரியான இசைவாணிக்கு வடக்கே ஓர் ஆய்வு மையத்தில் வேலை. செயற்கைக்கோளில் இருக்கும் உணரி, பூமியிலிருந்து எழும் நுண்ணலையை வாங்கி, எந்த இடம் எவ்வளவு குளிர்ச்சியாகத் தெரிகிறது என்று பார்க்கும். நிலத்துக்கு மேலே மழைமேகம் குளிர்ச்சியாகத் தெரியும். அதை வைத்து மழையைக் கணக்கிடுவார்கள்.

ஒரு செயற்கைக்கோள் கிழடானால் புதியது போகும். புதுப் படி வாங்கினால் பழைய படியில் அளந்த நெல்லையே அதிலும் அளந்து பார்ப்போமே, அது மாதிரி இரண்டையும் ஒரே இடத்தைப் பார்க்கவிட்டு வித்தியாசத்தைச் சரிசெய்வார்கள். சரிசெய்யாவிட்டால் மழை மாறியதா, படி மாறியதா என்று யாருக்கும் தெரியாது.

3

பழையது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மாசி மாதத்தில் நின்றுபோனது. புதியதோடு சேர்ந்து பார்த்தது மூன்றே வாரம். அதன் பிறகு டெல்டாவின் மழைக்கோடு இறங்கியது. புது உணரி குறைத்துக் காட்டுகிறது என்று முடிவுகட்டிய இசைவாணி, அதற்கொரு திருத்தம் எழுதினாள். தன் பெயரில் அவள் எழுதிய முதல் திருத்தம். குழு ஏற்றுக்கொண்டது. வரும் திங்கட்கிழமை அது இருபது வருஷப் பதிவுக்குள் ஏறிவிடும். பிறகு வறட்சி என்றாலும் பயிர்க் காப்பீடு என்றாலும் அந்தப் பதிவைத்தான் புரட்டுவார்கள்.

(கடலின் மேல் கோடு இறங்கவே இல்லை. குற்றம் உணரியில் என்றால் அங்கேயும் இறங்கியிருக்க வேண்டும். அதை அவள் பார்த்தாள். கடல் வேறு, நிலம் வேறு என்று தள்ளிவிட்டாள். எழுதுகிற எனக்கே இங்கே அவள்மேல் கோபம் வந்தது.)

4

தம்பி இளவழகனின் மகளுக்குக் காதுகுத்து. ஆவணியில் ஊருக்கு வந்தாள். வழக்கமாகப் பொங்கலுக்கு மட்டும்தான் வருவாள். அப்போது வயலில் கதிர்தான் நிற்கும். தெருமுனையில் தம்பி பேனர் கட்டியிருந்தான்: 'இருபது வருஷ மழையைத் திருத்திய எங்கள் இசையே!' பக்கத்தில் ஒரு ராக்கெட். அவளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

வயலுக்குப் போனாள். சேறடித்துத் தண்ணீர் தளும்ப வேண்டிய காலம். வயல் புழுதியாகக் கிடந்தது.

"என்னடா இது, இன்னும் தண்ணி கட்டலையா?"

"எதுக்குக்கா? புழுதியிலயே வெதச்சாச்சு. நடவுக்கு ஆளு எங்க கெடைக்குது? மழ பேஞ்சா தானா மொளைச்சிக்கும்."

"எப்பலேர்ந்து?"

"ஆச்சே, நாலு வருஷம். சுத்துப்பட்டு ஊரெல்லாம் இப்புடித்தான்."

புது உணரி மேலே போயும் நாலு வருஷம். வரப்பிலேயே உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து, கோட்டை மாதம் மாதமாகப் பிரித்தாள். இறக்கம் ஆவணியிலும் புரட்டாசியிலும் மட்டும். வயலில் நிற்கும் தண்ணீரும் மேலிருந்து பார்த்தால் குளிர்ச்சியாகத்தான் தெரியும். நடவுத் தண்ணீரை மழையென்று எண்ணி ஏமாந்தது பழைய கணக்கு. வயல் காய்ந்தது, பொய்மழை போயிற்று. புது உணரிமேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுடைய திருத்தம் பெய்யாத மழையைப் பதிவில் பெய்ய வைத்திருக்கும்.

நடவுக்காரி பெற்ற பிள்ளைக்கு நடவுத் தண்ணீர் மறந்துபோயிருந்தது. அவளுக்குக் கூசியது.

5

அம்மா பொன்னுத்தாயிடம் சொன்னாள். முப்பது வருஷம் ஊரார் வயலில் நாற்று நட்டவள் பொன்னுத்தாய்.

"அந்தப் பேனரக் கழட்டச் சொல்லும்மா. நான் எழுதுனது தப்பு."

"தப்புன்னு யாரு கண்டுபுடிச்சது?"

"நாந்தான்."

"வேற யாருக்கும் தெரியுமா?"

"இன்னும் தெரியாது. நானா சொன்னாத்தான்."

"சொல்லப்போறியா?"

"ஆமாம்மா."

"அப்ப அது அங்கயே இருக்கட்டும்," என்று பொன்னுத்தாய் காதுகுத்துச் சாப்பாட்டுக்கு வாழையிலை நறுக்கப் போய்விட்டாள்.

(இந்த இடத்தில் பொன்னுத்தாய்க்கு ஒரு நீளமான பேச்சு எழுதியிருந்தேன். அவள் பேச மறுத்துவிட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.)

6

முடிவுகள் மூன்று எழுதினேன். ஒன்றில் குழு கைதட்டியது. என் காதுக்கே பொய்யாகக் கேட்டது. இன்னொன்றில் இனி இவளை நம்பமுடியாது என்று வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள், நடக்கக்கூடியதுதான். மூன்றாவதில் அவள் வாயைத் திறக்காமல் ரயிலேறினாள். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

7

ஆகவே நான் எழுதுவது இது மட்டும். சனிக்கிழமை காலை மையத்தின் தலைவர் ஜெரால்டுக்குப் போன் போட்டாள். அவர் வேதாரண்யத்துக்காரர், உப்பளம் தெரியும், நெல் தெரியாது.

"சார், என் திருத்தத்தைத் திரும்ப எடுத்துக்கிறேன். உணரி சரியாத்தான் இருக்கு. வயல்தான் மாறியிருக்கு. கவனிக்காம விட்டது நான்."

ஜெரால்டு திருப்பிக் கேட்டார்.

"குழு முழுக்கப் பாத்து ஒத்துக்கிட்டதும்மா. வயல் மாறிடுச்சுன்னு எதை வச்சுச் சொல்றீங்க? யாரோட வயல்?"

அந்த ஒன்றரை ஏக்கர் பொன்னுத்தாய் பேரில் பத்திரமாகி ஆறு வருஷம். அதற்கு முன் அந்தக் குடும்பத்தில் யார் பேரிலும் ஒரு குழி நிலம் இருந்ததில்லை.

ஜெரால்டு பிறகு என்ன சொன்னார், திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்பதெல்லாம் உங்கள் பாடு. கைதட்ட வையுங்கள், வேலையைப் பிடுங்குங்கள், உங்கள் இஷ்டம். இசைவாணி சொன்ன பதிலில் மட்டும் கைவைக்காதீர்கள்.

"எங்க வயல் சார்."