வாகீசன் சேரின் வெள்ளெலி

குருநகர் மீனவர் யாகப்புவின் மகள் றொசாந்திக்குப் பல்கலைக்கழக வளாகத்து விலங்கியல் ஆய்வுகூடத்தில் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்க விரிவுரையாளர் வாகீசன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய எச்சில் கோப்பைகளைக்கூட அவள் கழுவிக்கொண்டிருந்தாள்.

வாகீசன் உரும்பிராய்த் தோட்டக்காரக் குடும்பம். வளை தோண்டி வாழும் தோட்டத்து எலியின் இழைமணி (மைட்டோகொண்ட்ரியா) டி.என்.ஏ.யை முதல் ஆளாக முழுவதும் வாசித்துப் பெயர் வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். ஊரில் பிடித்த எலி ஒன்று பின்விறாந்தைக் கூட்டில் கிடந்தது. இழைமணி தாயிடமிருந்துதான் பிள்ளைக்கு வரும் என்று அவர் மாணவர்களுக்குச் சொன்னதை, றொசாந்தி மேசை துடைத்தபடி கேட்டிருந்தாள். ஒருநாள் கொழும்பிலிருந்து போன் எடுத்தவர், வெள்ளெலியின் ஈரலில் ஒரு துண்டை உடனே அனுப்பு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

தோட்டக்காரருக்கு வெள்ளெலி என்றால் வயிறு வெளுத்த அந்தத் தோட்டத்து எலிதான். கடற்கரையில் வளர்ந்த றொசாந்திக்கோ வளை தோண்டுவதெல்லாம் அகழான். வெள்ளெலி என்றால் ஆய்வுகூடத்தில் வளர்க்கும் வெள்ளை எலி. தாய்வழி என்றாரே, தாயாகவே இருக்கட்டும் என்று, குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொன்று ஈரலை அனுப்பினாள். கண் திறவாத குட்டிகளுக்குப் பஞ்சில் பால் நனைத்து ஊட்டிப் பார்த்தாள். ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முடிவு வந்தது. உலகம் எப்போதோ வாசித்து முடித்த ஆய்வுகூட எலி அது. மற்ற விரிவுரையாளர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். போன மானத்தை வாகீசன் றொசாந்தியிடம் அறவிட வந்தார். மாணவர்களுக்கு முன்னால் அவளை நிறுத்தி, மீன் செதிலைத் தவிர வேறொன்றும் தெரியாத சனம் என்றார். தாய் எலியைத் தேடிக் கொன்றதை அவள் சொன்னதும் இன்னும் நன்றாகச் சிரித்தார்.

“இழைமணி ஆணிலையும் இருக்கும். எதை எடுத்திருந்தாலும் காணும். தாயைக் கொல்லச் சொல்லி ஆர் உமக்குச் சொன்னது?”



எல்லாரும் போன பிறகு, தோட்டத்து எலியை எடுத்துவரச் சொன்னார். தன் கண்முன்னால் செய்தால் பிழை வராது என்றார். கோபம் ஆறிவிட்டது என்று அந்தப் பேதை நினைத்தாள். எலியைக் கொன்று ஈரலை எடுத்தாள். ஈரல் துண்டு குப்பிக்குள் போய் மூடி இறுகிய பிறகுதான் கேட்டாள்.

“சேர், என்ரை வேலை நிரந்தரமாக்கிற கதை...”

“அதுக்கு எங்கடை ஊர்ப் பிள்ளை ஒண்டைச் சொல்லிப்போட்டன். அவளுக்கு வெள்ளெலி எண்டா என்னெண்டு தெரியும்.” குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “நாளைக்கு வருவாள். எப்பிடிக் கொல்லுறதெண்டு அவளுக்குக் காட்டிக் குடுத்திட்டு நீர் போம்.”

அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது றொசாந்திக்கு.

“ஓம் சேர்” என்றாள்.