டொகுஜிக்கு மிஞ்சிய சொல்

பக்கவாதம் வந்து டொகுஜியின் வலது கையையும் வலது காலையும் வாயிலிருந்த அத்தனை பேச்சையும் வாரிக்கொண்டு போனபோது, ஒரே ஒரு சொல்லை மட்டும் ஏனோ விட்டுவிட்டுப் போனது. யோஷி.

யோஷி என்றால் ‘சரி, ஆகட்டும்’. யோஷி என்றால் நாணலும்தான். மற்ற ஊர்க்காரர்கள் நாணலை ஆஷி என்பார்கள். அது ‘கெட்டது’ என்றும் காதில் விழும். ஜப்பானின் பிவா ஏரிக்கரையில் எவனாவது அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும், வாயிலேயே ஒன்று போடுவார்கள். தண்ணீரைத் தெளிய வைப்பது நாணல். கெண்டை முட்டையிட இடம் கொடுப்பது நாணல். அலை வந்து கரையைத் தின்றுவிடாமல் பிடித்து நிற்பதும் நாணல். அதைப் போய்க் கெட்டது என்று கூப்பிட யாருக்கு மனசு வரும்?

ஆக, மனிதருக்கு மிஞ்சியது என்னவோ நல்ல சொல்தான். ஆனால் ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்த முடியுமா? அவர் மனைவி மினேகோ நடத்தினாள். நீட்டி, இழுத்து ‘யோஷீ’ என்றால் ஆமாம். வெட்டி வெட்டி ‘யோஷி யோஷி’ என்று இரண்டு தடவை சொன்னால் இல்லை, வேண்டாம். சூப்பில் உப்பு இல்லையென்றால் ‘யோஷி யோஷி.’ குளிக்கிற தொட்டியில் சூடு பதமாக இருந்தால் ‘யோஷீ.’ இந்தக் கணக்கு அவளைத் தவிர யாருக்கும் பிடிபடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் முட்டியை அழுத்தி, “வலிக்குதா பெரியவரே?” என்று கேட்டார். “யோஷி யோஷி!” என்று அலறினார் டொகுஜி. “அடடே, நல்லா இருக்குங்கிறாரு,” என்று டாக்டர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். வீடு வந்து சேரும் வரை மினேகோ சிரித்தாள். பிறகு சமையலறையில் நின்று அழுதாள்.

அவர்கள் ஊரான ஹமாசேயில் குளிர்காலம் முழுக்க நாணல் அறுப்பு நடக்கும். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அறுத்தது போக நின்றுகொண்டிருக்கும் காய்ந்த நாணலைக் கொளுத்துவார்கள். பழசு எரிந்தால்தான் புதுக்குருத்து திடமாக வரும். அன்றைக்கு வீட்டுக்கு ஒரு ஆள் கட்டாயம் வர வேண்டும். கரையில் ஒதுங்கிய குப்பையைப் பொறுக்குவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏரியைப் பற்றி நாலு வார்த்தை, பெரிய அண்டாவில் பன்றிக்கறி சூப் என்று ஊரே கரையில் கிடக்கும். டொகுஜிதான் வெகுகாலம் தீத்தலைவர். நாணலுக்குள் யார் இறங்கினாலும் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று தெரிந்ததும் கரைமேட்டில் நின்று, “யோஷி!” என்று ஒரு குரல் கொடுப்பார். அவ்வளவுதான், கரை நெடுக நிற்கும் பந்தக்காரர்கள் பற்றவைத்துவிடுவார்கள். அந்தக் குரலுக்கு மேல் யாரும் எதையும் கேட்டதில்லை, கேட்க வேண்டியிருந்ததும் இல்லை.

மினேகோவுக்கு அந்த யோசனை பாத்திரம் கழுவும்போது வந்தது. கையைக்கூடத் துடைக்காமல் ஊர்ச் சங்கத் தலைவர் மகினோ வீட்டுக்குப் போனாள்.

“தம்பி, இந்த வருஷம் அவரே யோஷி சொல்லட்டுமே.”

“அக்கா, அண்ணனால பேச முடியாதே.”

“அது ஒண்ணுதானேய்யா அவரால பேச முடியுது!”

மகினோ சிரித்துவிட்டார். சிரித்தவருக்குக் கண் கலங்கிப் போயிற்று. அவள் கேட்டதில் என்ன தப்பு? படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ஊர் டொகுஜியை ஒரு சாமான் மாதிரி நடத்தியது. அவர் தலைக்கு மேலேயே அவரைப் பற்றிப் பேசினார்கள், அவர் சாப்பிட்டாரா என்று அவளிடம் கேட்டார்கள். ஒருநாள், ஒரே ஒருநாள், இந்த ஊர் அவர் சொல்லுக்காகக் காத்து நிற்பதைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் அவளுக்கு வேறு ஆசை இல்லை.

“எல்லாம் பாத்துட்டு நான் வந்து அண்ணன் தோளைத் தட்டறேன். தட்டினதும் அவர் குரல் குடுக்கட்டும்,” என்றார் மகினோ.

இதைக் கேட்டு ரொம்பச் சந்தோஷப்பட்டது கிசாபுரோதான். சின்ன வயதிலிருந்து டொகுஜியோடு ஒரே படகில் வலை இழுத்தவர். “டேய் வாயாடி, போன வருஷம் மகினோ சொன்னது ஏதோ பூனை கத்தின மாதிரி இருந்துச்சுடா. இந்தத் தடவை நீ கத்து, மலையில எதிரொலிக்கணும்,” என்று நண்பரின் நல்ல தோளில் ஒரு அடி வைத்தார்.

“யோஷீ,” என்றார் டொகுஜி.

அந்த ஞாயிற்றுக்கிழமை வானம் ஈரத்துணி நிறத்தில் இருந்தது. மினேகோ அவருக்குப் பழைய தீத்தலைவர் சட்டையை மாட்டிவிட்டு, சக்கர நாற்காலியைக் கரைமேட்டில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆட்கள் வந்து குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள், அவளை அல்ல, அவரை. அவளுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

சற்றுத் தள்ளி, நகரத்திலிருந்து வந்த விருந்தாளி ஒருவர் ஏரியின் நலம், கரையின் நலம், நாளைய தலைமுறை என்று ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டேயிருந்தார். மகினோ பக்கத்தில் நின்று மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார். பந்தக்காரர்களுக்குக் கால் மரத்துவிட்டது.

“அக்கா! கொஞ்சம் வந்து உப்புப் பாருங்களேன், எனக்கு நாக்கே செத்துப் போச்சு!” சூப் அண்டாவிலிருந்து கத்தினாள் நோபுயே. கிசாபுரோவின் மனைவி.

“போயிட்டு வா தங்கச்சி, நான் இருக்கேன்ல. இவன் எங்க ஓடிடப் போறான்?” என்றார் கிசாபுரோ.

மினேகோ போனாள். சேப்பங்கிழங்கு வெந்திருந்தது, மிசோ என்கிற உப்பு விழுதுதான் போதவில்லை. இன்னொரு கரண்டி கரைத்து ஊற்றினாள். அப்போதுதான் கேட்டது.

“யோஷி யோஷி! யோஷி யோஷி!”

ஊர் கைதட்டியது. “அண்ணனுக்கு நம்மள விட அவசரம்!” என்று யாரோ சிரித்தார்கள். கரை நெடுகப் பந்தங்கள் தாழ்ந்தன. கரண்டி மினேகோவின் கையிலிருந்து நழுவி அண்டாவுக்குள் விழுந்தது.

“வேண்டாங்கிறாரு! ஐயோ, அவரு வேண்டாங்கிறாரு!”

ஓடினாள். யாருக்குப் புரியும்? எரிக்கச் சொல்லும் சொல்லைத்தானே அவர் சொல்கிறார், அதுவும் ஒன்றுக்கு நாலு தடவை. மகினோ எதிரே வந்து, “நான் தட்டவே இல்லக்கா, அதுக்குள்ள... பரவாயில்ல, நல்லாத்தானே சொன்னாரு,” என்றார். அவள் அவரைத் தள்ளிவிட்டு மேட்டில் ஏறினாள். டொகுஜி நாற்காலியிலிருந்து பாதி சரிந்து, இடது கையால் நாணலைக் காட்டிக் காட்டி அதே சொல்லைக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிசாபுரோ இல்லை.

காய்ந்த நாணல் ஆளுக்கு மேல் இரண்டு மடங்கு உயரம். அது எரிவதற்கு நேரமெல்லாம் பார்க்காது. தயாராக நின்ற தீயணைப்புக்காரர்கள் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு உள்ளே போய் கிசாபுரோவைத் தூக்கி வந்தபோது, அவர் கையுறையில் ஏதோ வெள்ளையாக உருகி ஒட்டியிருந்தது. மீன் பெட்டி. வலைக்காரர்கள் பயன்படுத்தும் தெர்மோகோல் பெட்டி ஒன்று அலையில் வந்து நாணலுக்குள் சிக்கியிருந்திருக்கிறது. அது எரிந்தால் விஷம் ஏரிக்குள் இறங்கும் என்று, விருந்தாளியின் பேச்சு முடிவதற்குள் எடுத்து வந்துவிடலாம் என இறங்கியிருக்கிறார். நல்ல காரியம்தான் செய்யப் போனார், பாவி மனுஷன்!

ஆஸ்பத்திரியில் சில நாள் உயிர் இருந்தது. நினைவு வந்த ஒரு நேரத்தில் நோபுயேயிடம், “டொகுஜிகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன்,” என்றாராம். அத்தனை வருஷப் பழக்கம். உள்ளே இறங்குகிறவன் தீத்தலைவரிடம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும். முறைப்படி சொல்லிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறார், திருப்பிச் சொல்ல வாயில்லாத ஒருவரிடம்.

ஊரில் யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்லவில்லை. “பாவம், அவருக்கு என்ன தெரியும்?” என்றார்கள். மினேகோவுக்கு அதுதான் தாங்கவில்லை. புத்தி கெட்டவர் என்று இவர்கள் சொல்கிறார்கள். இல்லை, புத்தி தெளிவாகத்தான் இருக்கிறது என்று அவள் வாதாடினால், தெரிந்தே கொளுத்தச் சொன்னார் என்று ஆகிவிடும். உண்மையில் நடந்தது இந்த இரண்டும் இல்லை, மூன்றாவது ஒன்று. அது அவள் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

கிசாபுரோவின் நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு நோபுயே வந்தாள். கரையில் புதுக்குருத்து முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டிருந்தது, இந்த வருஷம்போல் எந்த வருஷமும் வந்ததில்லை என்று பேசிக்கொண்டார்கள். மினேகோ தேநீர் வைத்தாள். நோபுயே அதைத் தொடாமல், டொகுஜியின் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“அண்ணே, அவரு உங்ககிட்ட சொல்லிட்டுப் போனாரா?”

“யோஷீ.”

“அவரு உள்ள இருக்கறது தெரிஞ்சும், கொளுத்தச் சொன்னீங்களா?”

“யோஷி யோஷி.”

நோபுயேயின் முகம் வெளுத்துப் போயிற்று. மினேகோ பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இல்லைங்கிறாரு நோபுயே! நீட்டிச் சொன்னா ஆமாம், வெட்டி ரெண்டு தடவை சொன்னா இல்ல. அன்னைக்கும் இதைத்தான் கத்தினாரு. வேணாம் வேணாம்னு கத்தினாருடீ!”

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது அக்கா.”

“இன்னொரு தடவை கேட்டுப் பாரு. நல்லாக் கவனிச்சுக் கேளு.”

“நீங்க சொல்றது நெசமாவே இருக்கலாம். ஆனா அதைச் சொல்றதுக்கு உங்களை விட்டா வேற யாருமில்லையே. நீங்க அவர் பொண்டாட்டி. நானா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.”

என்னை அண்டாவுக்குக் கூப்பிட்டது நீதானே என்று நாக்கு நுனி வரை வந்தது மினேகோவுக்கு. விழுங்கிக்கொண்டாள். அவர் யோஷி சொல்லட்டும் என்று வாசல் ஏறிப்போய்க் கேட்டது யார்?

டொகுஜி இடது கையை நீட்டி நோபுயேயின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணீர் மோவாயில் வழிய, “யோஷி யோஷி, யோஷி யோஷி, யோஷி யோஷி,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சரி சரி, சரி சரி. புருஷன் வெந்து செத்த ஒருத்தி உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் உள்ளங்கையால் அவர் வாயை மெதுவாக மூடினாள்.

“போதும் அண்ணே. எனக்காக ஒண்ணு செய்யுங்க. இனிமே அந்தச் சொல்லைச் சொல்லாதீங்க.”

எழுந்து, முறையாக வணங்கிவிட்டுப் போனாள். டொகுஜி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குளிக்கும்போது “சூடு போதுமா?” என்று மினேகோ கேட்டதற்குப் பதில் இல்லை. போர்வை வேண்டுமா என்றதற்கும் இல்லை. அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சாயங்காலம் சூப் வைத்தாள். அவர் கிண்ணத்தில் மட்டும் உப்பை அள்ளி அள்ளிப் போட்டாள், வாயில் வைக்க முடியாத அளவுக்கு. கையில் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“உப்பு சரியா இருக்கா?” என்றாள். “இல்லன்னாவது சொல்லுங்க. என்கிட்ட மட்டுமாவது சொல்லுங்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை உயர்த்தி, கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.