உஷா பெயர்ப் பலகை

பாலாநகர் பெண்கள் உதவி மையத்தில் அன்றும் ஜலஜா காலையிலிருந்து தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். வாசலுக்கு மேலே நீலப் பலகையில் தங்கை உஷாவின் பெயர். புகுந்த வீட்டில் பட்ட அடியை யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனவள். இன்னொருத்தி அப்படிப் போய்விடக் கூடாது என்றுதான், தெருக்கோடிக்கும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தாள் ஜலஜா. ஒரு காலத்தில் உள்ளே பெஞ்சில் இடம் கிடைக்காது. இப்போது யாரும் வருவதில்லை.

இப்படித் தேங்கிப்போன சின்ன அமைப்புகளுக்கு வழி கண்டுபிடிக்க உதவுவதுதான் ரஞ்சனாவின் வேலை. வந்தவள் ஃபைல்களைப் புரட்டவில்லை. "வராதவங்களைப் போய்க் கேக்கலாம் மேடம்" என்றாள்.

இருவரும் காத்திருந்த மருந்துக் கம்பெனி கேட்டுக்கு மைதிலி ஷிப்ட் முடிந்து வந்தாள். முன்பு மையத்துக்கு வந்துகொண்டிருந்தவள். துப்பட்டாவை இழுத்து மணிக்கட்டை மறைத்துக்கொண்டாள்.

"சென்டருக்கு எதிர் டீக்கடையில யாராவது ஒரு போட்டோ எடுத்தா போதும்க்கா. நான் வீடு போய்ச் சேர்றதுக்குள்ள எங்க பஸ்தியில எல்லா வீடும் இருக்கற வாட்ஸப் குரூப்புல வந்துடும். அந்த போர்டு கீழ நுழைஞ்சதுக்கே எனக்கு அடி விழுந்துச்சு. அப்புறம் எதுக்கு வரணும், சொல்லுங்க?"

திரும்பும்போது ஆட்டோவில் ஜலஜா ரஞ்சனாவிடம் சொன்னாள்.

"அது என் தங்கச்சி பேரு. போர்டை எடுக்கறதுன்னா நக்கோ, வேணாம்."

"நான் எடுக்கச் சொல்லல மேடம். அவங்க சொல்றதை நீங்களே கேக்கணும்னுதான் கூட்டிட்டுப் போனேன்."

அன்று இரவு அல்வாலில் இருந்த தன் வீட்டில் ஜலஜா தட்டைத் தள்ளி வைத்தாள். உஷா இருந்திருந்தால் அந்தப் பலகைக்குக் கீழே நுழைந்திருப்பாளா? பக்கத்து வீட்டுக்காரியிடம்கூட, வழுக்கி விழுந்தேன் என்று சிரித்தவள் அவள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஜலஜாவே கேட்டுக்குப் போனாள். "எப்படி இருந்தா வருவே?"

மைதிலி யோசித்தாள். "புடவைக்கு ஃபால் தைக்கக் குடுக்கப் போறேன்னா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்கக்கா."

பலகையைக் கழற்றியபோது ஒரு முனையை ஜலஜாதான் பிடித்துக்கொண்டாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. பின்னறையில், பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னாள். முன்னறையில் தையல் மெஷின் ஒன்று வந்தது.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், புடவைப் பையோடு மைதிலி படியேறினாள். செருப்பைக் கழற்றி வாசலில் விட்டாள். தெருவை ஒருமுறை பார்த்தாள். பிறகு குனிந்து அதை எடுத்து, புடவையோடு பைக்குள் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு பின்னறைக்கு நடந்தாள்.