மூன்றாம் குழி, நான்காம் குழி

எங்கள் தொலைநோக்கிக்கு ஏழு சொந்தக்காரர்கள். ஏழு ஆராய்ச்சி நிலையங்கள் சேர்ந்து கட்டியது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே ஒரு குளியலறை இருந்தால் எப்படியோ, அப்படித்தான் அதன் பிழைப்பு. யாருக்கு எத்தனை மணிக்கு முறை, யார் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள் என்று எப்போதும் ஒரு முணுமுணுப்பு இருக்கும். எல்லாரும் முடித்துவிட்டுப் போன பிறகு, பகலில் உள்ளே போய்த் துடைத்துச் சரி செய்கிறவள் நான். இரவில் அதை ஓட்டுகிறவர் என் கணவர்.

அவரை அங்கே எல்லாரும் ஆந்தை என்பார்கள். என்னை ஸ்பேனர் என்பார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் தொலைநோக்கியின் பெரிய கண்ணாடிக்கு நேர் மேலே ஏணியில் நின்றபோது, கயிறு கட்டாத ஒரு ஸ்பேனர் என் சட்டைப்பையில் இருந்தது. அது விழவில்லை. விழுந்திருந்தால் பெயர் வைக்கிற அளவுக்கு என்னை அங்கே விட்டு வைத்திருக்க மாட்டார்கள்.

எங்கள் குடியிருப்பு அங்கிருந்து பத்து நிமிட இறக்கத்தில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அவர் வருவார், ஏழே காலுக்கு நான் கிளம்புவேன். நடுவில் ஒரு தேநீர். எங்கள் கல்யாண வாழ்க்கை பெரும்பாலும் அந்தத் தேநீருக்குள்தான் நடந்திருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே சமையலறைக்குள் வந்தார்.

“இன்னிக்கு நாலு மணிக்குத் தங்கச்சி அறிவிக்கப் போகுது. எல்லா ஊருத் தொலைநோக்கியும் நம்ம நட்சத்திரத்தப் பாக்கத் திரும்பப் போகுது. அறிவிப்புல என் பேரும் இருக்கு, தெரியுமா?”

பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த என் மகள் தலையைத் திருப்பாமலே கேட்டாள். “எந்தப் பேருப்பா? ஆந்தையா?”

“உங்கப்பனுக்கு நிஜமாவே ஒரு பேரு இருக்குடி. இன்னிக்கு ஊருக்கே தெரியும்.”

தங்கச்சி என்று அவர் சொன்னது, ஏழு நிலையங்களில் ஒன்றிலிருந்து வந்திருந்த ஆராய்ச்சி மாணவியை. இருபத்தாறு வயது. இரண்டு மாதத்துக்கு இரவில் ஒரு மணி நேரம் அவளுடைய முறை. ஒரே ஒரு சிவப்பு நட்சத்திரத்தைத்தான் பார்ப்பாள். நான்கு வருடமாக அவளும் அவளுக்கு முந்தியவர்களும் எடுத்த படங்களில் அது துளிகூட மாறியதில்லை. இப்போது மாறியிருந்தது. அதை முதலில் கவனித்தவர் என் கணவர். திரையைப் பார்த்து, “இது இவ்வளவு பளிச்சுன்னு இருக்காதே தங்கச்சி” என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் அளந்து பார்த்தாளாம்.

“அப்படி என்னதாங்க ஆச்சு அதுக்கு?” என்று கேட்டேன்.

அவர் இரண்டு கோப்பைகளை இழுத்து வைத்தார். “இது மூணாம் நம்பர் ஃபில்டர். இது நாலாம் நம்பர். ரெண்டுமே சிவப்புதான், ஆனா வேற வேற சிவப்பு. மூணு வழியா எடுத்தா நட்சத்திரம் முன்னைக்கு இப்ப பிரகாசமா இருக்கு. நாலு வழியா எடுத்தா மங்கிப் போச்சு. இதுல அழகு என்னன்னா, மூணுல எவ்வளவு ஏறிச்சோ, நாலுல அதே அளவு இறங்கியிருக்கு. அளந்து வெச்ச மாதிரி.”

“எப்பலருந்து?”

“பதினோரு நாளா. போன வாரத்துக்கு முந்தின வியாழன் ராத்திரிலருந்து.”

நான் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தேன். அந்த வியாழக்கிழமை பகலில் ஃபில்டர்களைத் துடைத்தவள் நான்.

ஃபில்டர் என்பது உள்ளங்கை அகல வட்டக் கண்ணாடி. ஆறு ஃபில்டர்களை ஒரு சக்கரத்தின் ஆறு குழிகளில் பொருத்திக் கேமராவுக்கு முன்னால் வைத்திருப்போம். எந்த நிறத்தில் படம் வேண்டுமோ அந்தக் குழி சுழன்று வந்து நிற்கும். கணினிக்குக் குழியின் எண்தான் தெரியும். குழிக்குள் என்ன இருக்கிறது என்பது துடைக்கிறவளுக்குத்தான் தெரியும். அதனால் ஒரு விதி உண்டு. ஒன்றை எடுத்துத் துடைத்துத் திருப்பி வைத்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும்.

அன்றைக்கு மூன்றாவதில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கீறலா, கண்ணாடியே அப்படித்தானா என்று புரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க நான்காவதையும் வெளியே எடுத்தேன். மேஜைமேல் மூன்றை இடப்பக்கம் வைத்தேன், நான்கை வலப்பக்கம். வெளிச்சம் போதாததால் மேஜையைச் சுற்றி ஜன்னல் பக்கம் போய் நின்று இரண்டையும் பார்த்தேன். வெறும் தூசிதான். துடைத்தேன். அங்கே நின்றபடியே இடப்பக்கத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய் மூன்றாம் குழியில் வைத்தேன், மற்றதை நான்காம் குழியில்.

மேஜையின் மறுபக்கம் வந்ததும் இடம் வலமாகிவிடும். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது, மேஜைமேல் இருந்த இரண்டு கோப்பைகளைப் பார்த்ததும் உறைத்தது.

அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன் என்பது பின்னால் நான் சொன்ன காரணம். உண்மையில் அவர் முகத்தைப் பார்த்து எனக்கு வாய் வரவில்லை. அவருடைய அண்ணன், எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேர் முன்னால், “எங்க தம்பி நட்சத்திரத்துக்கு வாட்ச்மேன்” என்று அறிமுகப்படுத்துகிறவர். நேற்று அவரையே கூப்பிட்டு இவர் சொல்லிவிட்டார்.

மேலே போய், தொலைநோக்கி நிற்கும் வட்டக்கூரைக் கட்டடமான டோமின் விளக்கைப் போட்டேன். கேமராப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சிறிய கதவு, ஆறு ஸ்க்ரூ. கழற்றினேன். கையுறை போட்டுக்கொண்டு சக்கரத்தைக் கையால் சுழற்றி மூன்றாம் குழியை வாசலுக்குக் கொண்டு வந்தேன். ஃபில்டரின் விளிம்பில் பென்சிலால் எண் எழுதியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். சாய்த்துப் பிடித்தேன்.

நான்கு.

இரண்டையும் மாற்றி வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அந்த எண்ணம் வந்தபோது எனக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மாற்றிவிட்டால் இன்று இரவு எல்லாம் பழையபடி ஆகிவிடும். நட்சத்திரமும் பழையபடி ஆகிவிடும். அங்கேதான் என் கை நின்றது. பதினோரு நாள் மாறியிருந்து, உலகமே திரும்பிப் பார்த்த அன்றைக்குச் சரியாகப் பழைய நிறத்துக்கு வந்துவிட்ட நட்சத்திரம்! அதைவிட அதிசயம் வேறென்ன? அவளுக்குப் பெயர் இன்னும் பெரிதாகும். என் கணவர் பெயரும் அதனோடு சேர்ந்து பரவும். ஏன் மாறியது, ஏன் திரும்பியது என்று படித்தவர்கள் வருடக்கணக்காக எழுதுவார்கள். ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. நானே பின்னொரு நாள் மனசு கேட்காமல் சொன்னாலும், காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது.

இதையெல்லாம் டார்ச்சைப் பிடித்தபடி நினைத்தேன். கை வலித்தது. வேறு ஏதோ ஒரு ஊரில், இதே போல ஒரு டோமில், என்னைப் போல ஒருத்தி நாளைக்கு இந்த நட்சத்திரத்துக்காகக் கேமராவைக் கழற்றி வேறொன்றை மாட்டப்போகிறாள். யாரோ ஒருவர் மாதக்கணக்கில் காத்திருந்த முறையை அவசரம் என்று சொல்லிப் பிடுங்கிக்கொள்வார்கள். முறையைப் பறிகொடுத்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

சக்கரத்திலிருந்து கையை எடுத்தேன். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு விருந்தினர் விடுதிக்கு நடந்தேன்.

இரவெல்லாம் அறிவிப்பை எழுதிக்கொண்டு விழித்திருந்த பெண், நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மூன்று முறை தட்டிய பிறகு கதவு திறந்தது.

“அக்கா? டோம்ல ஏதாவது பிரச்சினையா?”

“ஒரு நிமிஷம் வந்து பாருங்கம்மா. நான் எதையும் மாத்தல. பாக்க மட்டும்தான் திறந்தேன்.”

வழியில் அவள் இரண்டு தடவை என்ன என்று கேட்டாள். “பாத்தாத் தெரியும்மா” என்றேன். டோமுக்குள் போனதும் டார்ச்சைக் கையில் கொடுத்து, எங்கே சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று காட்டினேன். பார்த்தாள். சக்கரத்தைச் சுழற்றி அடுத்த குழியையும் காட்டினேன். அதையும் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

“எப்பலருந்து இப்படி இருக்கு?”

“போன வாரத்துக்கு முந்தின வியாழக்கிழமை மத்தியானத்துலருந்து. பன்னெண்டே கால் இருக்கும்.”

அவள் ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது, சிரிப்பு இல்லை. பிறகு திடீரென்று எழுந்து சுவரைக் காட்டினாள்.

“ரெண்டையும் ஒன்னா வெளிய எடுக்கக் கூடாதுன்னு இவ்வளவு பெருசா எழுதி ஒட்டியிருக்கே அக்கா! கண்ணு தெரியலையா?”

“நான்தாம்மா எழுதி ஒட்டினேன்.”

அவள் திரும்பவும் ஏணிப்படியில் உட்கார்ந்தாள். “எங்கம்மாகிட்ட வேற சொல்லித் தொலைச்சேன்” என்றாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீங்க சத்தமில்லாம மாத்தி வெச்சிருந்தா?” என்று கேட்டாள். அவளே பதிலையும் யோசித்திருக்க வேண்டும். முகம் வெளுத்துப்போய், “நல்ல வேளை, நாலு மணி ஆகல” என்று கணினி அறைக்கு ஓடினாள்.

அவளுடைய அறிவிப்பு போகவில்லை. அதற்குப் பதிலாக ஏழு நிலையங்களுக்கும் ஒரு கடிதம் போனது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை மூன்று என்பதை நான்கு என்றும், நான்கு என்பதை மூன்று என்றும் படித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினாள். ஒரு நிலையத்திலிருந்து கோபமாகப் பதில் வந்தது. இன்னொன்றிலிருந்து, “அப்பாடா, ஒரு வாரமா மண்டையப் பிச்சிக்கிட்டு இருந்தோம்” என்று வந்தது. மேலாளர் என்னிடம் விளக்கம் எழுதி வாங்கிக்கொண்டார். இனிமேல் பக்கத்தில் ஒரு ஆள் இல்லாமல் நான் ஃபில்டரைத் தொடக்கூடாது என்றார். வேலையைவிட்டு அனுப்புவார் என்று நினைத்திருந்தேன். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மேஜையைச் சுற்றிப் போனதைக்கூட. அவர் கண்ணைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“திருப்பி மாத்திட்டியா?”

“இல்லைங்க. அப்படியே விட்டுட்டுப் போய் அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வந்து காட்டினேன்.”

அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வருடமாக ஓட்டுகிறவர். “மாத்தியிருந்தா…” என்று ஆரம்பித்தார்.

“யாருக்கும் தெரிஞ்சிருக்காது” என்றேன்.

“என்னை எழுப்பியிருக்கலாம்ல. ஊரான் வீட்டுப் பொண்ணுகிட்ட முதல்ல போயிருக்க.”

“உங்களக் கேட்டிருந்தா நீங்க மாத்தச் சொல்லியிருப்பீங்களோன்னு பயம்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். “போ. நான் தூங்கணும்.” அவர் தூங்கவில்லை என்பது அவருடைய மூச்சிலேயே தெரிந்தது.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஃபில்டர்கள் மாறியபடியே இருக்க ஒரு படம், சரியாக வைத்த பிறகு ஒரு படம், இரண்டும் வேண்டும் என்று மாணவி கேட்டிருந்தாள். இருட்டியதும் முதல் படம் எடுத்தார்கள். “ஸ்பேனர், மேல போகலாம்” என்று என் கணவர் ஒலிபெருக்கியில் சொன்னார். யாரோ வேறொரு ஆபரேட்டர் சொல்வது போல இருந்தது.

இடம் மாற்ற வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே சமயத்தில் வெளியே எடுத்தாக வேண்டும். வேறு வழியில்லை. நான் மூன்றாம் குழியில் இருந்ததை எடுத்து மாணவியின் கையில் கொடுத்தேன். அவள் கையுறை போட்ட இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றாள். நான்காவதை எடுத்து மூன்றில் வைத்தேன். அவளிடம் இருந்ததை வாங்கி நான்கில் வைத்தேன். இரண்டு எண்களையும் அவள் வாய்விட்டுப் படித்தாள். ஆறு ஸ்க்ரூவையும் முடுக்கிவிட்டுக் கீழே இறங்கினோம்.

கணினி அறையில் இரண்டாவது படம் திரையில் வந்துகொண்டிருந்தது. மாணவி எண்களை ஓட்டிப் பார்த்தாள். “நாலு வருஷமா இருந்த இடத்துலேயே இருக்கு” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை.

நான் என் கணவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். நூறு புள்ளிகள் இருந்தன.

“எதுங்க அது? இதுவா?”

“அது இல்ல. கீழ. இன்னும் கீழ.” அவர் விரலை வைத்துக் காட்டினார்.

“இவ்வளவு சின்னதா?”

“பின்ன? நீ மாத்தின மாத்துக்குச் சந்திரன் கணக்கா இருக்கும்னு நெனச்சியா?”

மாணவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தடவை நிஜச் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

“உன் முறை முடிய இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு தங்கச்சி. அடுத்த ஆளுக்கு விட்டுடட்டுமா?”

“ஏன் விடணும்? எடுங்கண்ணா. மூணுல ஒன்னு, நாலுல ஒன்னு, திரும்ப மூணுல ஒன்னு.”

அவள் சொன்னபடி அவர் கணினியில் அடித்து அனுப்பினார். மேலே சக்கரம் சுழல்கிற சத்தம் கேட்டது. காலால் பக்கத்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார்.

“உக்காரு. ஒவ்வொன்னுக்கும் ஆறு நிமிஷம் ஆகும்.”