சாந்தா பெனிக்னாவின் நிழல்கள்

2010 டிசம்பர் 21 நண்பகலில், சிலியின் வடக்கே, அந்தோஃபகாஸ்தா நகரத்திலிருந்து நூற்றுப் பத்து கிலோமீட்டர் உள்ளே, சாந்தா பெனிக்னா என்ற கைவிடப்பட்ட வெடியுப்புச் சுரங்க ஊரில் ஒரு புகைப்படம் எடுக்கப்பட்டது. படத்தில் வெறும் தரை இருந்தது.

எடுத்தவர் நெவென்கா யுத்ரோனிச் என்ற பெண். பாலைவனத்துச் சுரங்கங்களைத் தேடித் தேடிப் படம் பிடிப்பவர். துருப்பிடித்த கொதிகலன், கூரை போன நாடக அரங்கு, கதவில்லாத நானூறு வீடுகள் என்று நிறைந்திருந்த அவருடைய புத்தகத்தில் அந்தத் தரை 88ஆம் பக்கத்தில் வந்தது. படத்துக்கு 'ஒன்றுமில்லை' என்று தலைப்பு வைத்திருந்தார். விமர்சகர்கள் அதைத்தான் அதிகம் பாராட்டினார்கள்.

எட்டு வருடம் கழித்து அதே படம் ஓர் அறிக்கையின் நான்காம் பின்னிணைப்பாக வந்தது. சூரிய மின் நிலையம் ஒன்றுக்குச் சாலை போட நில ஆய்வாளர்கள் எழுதிய அறிக்கை. 'இவ்விடத்தில் கல்லறைத் தோட்டம் இருந்ததற்குத் தடயம் இல்லை. தரையில் காணப்படும் ஆணிகள் சரக்குப் பெட்டிகளுடையவை' என்றது அது. ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் 2018 ஜூன் 15, வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி.

செவ்வாய்க்கிழமை எலிசேயோ சல்யாப்பா அந்த அறிக்கையின் நகலோடு நெவென்காவின் ஸ்டுடியோவுக்கு வந்தார். அறுபத்தெட்டு வயது, ஓய்வு பெற்ற லாரி ஓட்டுநர். சாந்தா பெனிக்னாவில் பிறந்தவர்.

"இது நீ எடுத்ததுதானே?"

"ஆமா, தோன் எலிசேயோ." பெரியவரை மரியாதையாகத் 'தோன்' போட்டே நெவென்கா அழைத்தார்.

"நல்லா எடுத்திருக்க. என் தங்கச்சி இதுக்குள்ளதான் கெடக்கா."

நெவென்கா படத்தைப் பார்த்தார். அங்கே கல்லறைகளைச் சுற்றி மரத்தில் தொட்டில் போல வேலி அடிப்பார்கள். வெடியுப்பு ஆலை மூடிய பிறகு அந்த மரத்தைப் பழம்பொருள் வியாபாரிகளும், இறைச்சி சுட வந்தவர்களும் கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பாலைவனத்தில் விறகுக்கு வேறு மரம் கிடையாது. வேலி போன இடம் பார்வைக்கு வெறும் தரைதான்.

"பதிவேடு இல்லையா?"

"செத்தது எழுதியிருக்கு. பொதச்ச எடம் எழுதல. தோண்டிக் காட்டலாம்னா, அனுமதியில்லாம கை வச்சா ஜெயில். நீதான் இல்லைன்னு சொன்ன. நீயே இருக்குன்னு சொல்லு."

அறிக்கைக்கு ஆதாரம் தன்னுடைய படம்தான் என்பது நெவென்காவுக்குத் தெளிவாகவே தெரிந்தது. தவறு எங்கே நடந்தது என்பதும் புரிந்தது. டிசம்பர் நண்பகலில் அந்த ஊரில் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும். அவரவர் நிழல் அவரவர் காலடியிலேயே கிடக்கும். நாலு விரல் உயரமுள்ள மண்மேட்டுக்கு நிழலே இருக்காது. அதைக் காட்ட வேண்டுமானால் சூரியன் தரையோடு தரையாகப் படுத்திருக்கும்போது எடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே எலிசேயோவின் பழைய டொயோட்டாவில் போய்ச் சேர்ந்தார்கள். கடலிலிருந்து வந்த மூடுபனி நிலத்தை மூடிக் கிடந்தது. ஆலையின் புகைபோக்கியே தெரியவில்லை. ஏழரைக்கு எழுந்திருக்க வேண்டிய சூரியன் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருவரும் வண்டிக்குள் உட்கார்ந்து ரொட்டியும் வெண்ணெய்ப்பழமும் தின்றார்கள். பதினொரு மணிக்கு வானொலியில் உலகக் கோப்பையின் முதல் ஆட்டம் கரகரத்தது.

"ரஷ்யா போட்டு அடிக்குது," என்றார் எலிசேயோ.

"நம்மாளுங்க இல்லாத கோப்பைய எதுக்குக் கேக்கறீங்க?"

"இருந்தா மட்டும்? தோக்குறதப் பாக்கணும். இதுல யார் தோத்தாலும் நிம்மதி."

நண்பகலில் பனி விலகியபோது சூரியன் மேலே ஏறிவிட்டிருந்தது. நெவென்கா காத்திருந்தார். ஒரு மணிக்குக் காற்று கிளம்பி நாலு மணி வரை மண்ணை வாரி இறைத்தது. காற்று அடங்கியது; சூரியனும் இறங்கியது. ஆனால் மேற்கே ஆலையின் சக்கை மேடு நின்றது. வெடியுப்பு பிரித்த பிறகு கொட்டிய மண், இருபத்தைந்து மீட்டர் உயரம். நாலரைக்கெல்லாம் அதன் நிழல் முழுத் தரையையும் மூடியது.

"நாளைக்குக் காலைல இன்னொரு தடவ," என்றார் நெவென்கா.

"நாளைக்கும் பனி வந்தா?"

நெவென்கா கேமரா முக்காலியை மடக்கினார்.

எலிசேயோ வண்டியின் முன்பக்கம் சாய்ந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதலாளியம்மா, முப்பது வருஷம் இந்தப் பக்கம் லாரி ஓட்டினேன். பகல்ல தடமே தெரியாது. மொத்தப் பாலைவனமும் ஒரே வெறுந்தரையாத் தெரியும். இருட்டினப்புறம் முன்விளக்கப் போட்டாத்தான் பழைய சக்கரத் தடம் ஒவ்வொண்ணா எந்திரிக்கும். சின்னக் கல்லு கூட மாடு மாதிரி நெழல் விடும்."

நெவென்கா முக்காலியைக் கீழே வைத்தார்.

"உங்க விளக்கு எவ்வளவு ஒசரம்?"

"இடுப்பளவு."

"அது ரொம்ப ஒசரம். ஒரு சாண்ல வேணும்."

"வண்டியப் பள்ளத்துல எறக்கவா?"

"கழட்ட முடியுமா?"

எலிசேயோ இதற்காகவே பிறந்தவர் மாதிரி சிரித்தார். திருப்புளி எடுத்து, இடது விளக்கைப் பத்து நிமிடத்தில் கழற்றி, நீளமான கம்பி இணைத்து ஒரு கல்லின் மேல் வைத்தார். சூரியன் முழுவதும் இறங்கியதும் நெவென்கா கேமராவைத் தூக்கிக்கொண்டு சக்கை மேட்டில் ஏறினார். இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்கியது. உச்சிக்குப் போனபோது மேற்கில் கொஞ்சம் சிவப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"போடுங்க!"

விளக்கு எரிந்தது.

கீழே எலிசேயோ காத்திருந்தார். மேலிருந்து சத்தமே இல்லை.

"என்ன தெரியுது?" என்று கத்தினார். "ஏய் முதலாளியம்மா! செத்துட்டியா?"

"வரிசை!" என்று குரல் வந்தது. "தோன் எலிசேயோ, வரிசை வரிசையா இருக்கு! அசையாதீங்க! எதையும் தொடாதீங்க!"

"சுவாசிக்கலாமா?"

"மெதுவா!"

ஒரே ஒரு சாண் உயரத்தில் படுத்த வெளிச்சத்தில் தரை முழுவதும் மேடுகள் எழுந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் நீளமான கறுத்த நிழல். பெரியவை தெற்கே, சிறியவை வடக்கே. நடுவில் ஆட்கள் நடந்த பாதை கூடத் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு விளக்குக்கு முழு இடமும் எட்டவில்லை. எலிசேயோ வண்டியை ஓரமாகவே சுற்றி ஐந்து இடங்களில் நிறுத்தினார். ஐந்து படங்கள். நெவென்கா திரையைப் பெரிதாக்கி எண்ணினார், மறுபடியும் எண்ணினார். அறுபத்து மூன்று.

இறங்கி வந்ததும் விளக்கைக் கையில் தாழ்த்திப் பிடித்தபடி ஆணிகளைப் பார்த்தார்கள். மேட்டைச் சுற்றி ஆணிகள் சதுரமாக நின்றன, மரம் மட்டும் இல்லை. சரக்குப் பெட்டி எதுவும் அறுபத்து மூன்று முறை ஒரே திசையில் தலை வைத்துப் படுக்காது. நெவென்கா எதையும் தொடாமல் அளவு நாடாவைப் பக்கத்தில் விரித்து ஒவ்வொன்றையும் எடுத்தார்.

வடக்கு ஓரத்து முதல் வரிசையில் எலிசேயோ நின்றுவிட்டார். மூன்றாவது மேட்டின் நான்கு மூலைகளிலும் ஆணி இல்லை. கட்டைவிரல் தடிமனுக்குத் தண்டவாளத் திருகாணிகள் இருந்தன.

"அப்பா ரயில் பட்டறைல வேல பாத்தாரு," என்றார். "கடைல ஆணி தீந்துபோச்சுன்னு அம்மா சொல்லும். இது கம்பெனிச் சாமான். களவு."

"எழுதிக்கவா?"

"எழுது. இனிமே யாரப் புடிச்சு உள்ள போடுவான்?"

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, விளக்கை இன்னும் தாழ்த்திப் பிடித்தார். நெவென்கா நான்கு திருகாணிகளும் ஒரே படத்தில் வருமாறு எடுத்தார். பிறகு எலிசேயோ விளக்கை அதன் இடத்தில் மாட்டினார். ஊர் திரும்பும் வழியெல்லாம், மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அடித்த வேலியை விடத் தன் அப்பா அடித்தது எவ்வளவு உறுதி என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு நாற்பதுக்கு அறுபத்தொன்பது படங்களும் ஒரு வரைபடமும் மாகாண அலுவலகத்தில் கொடுக்கப்பட்டன. வாங்கிக்கொண்ட எழுத்தர் 88ஆம் பக்கத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் நீங்களே எடுத்ததா?"

"ஆமா."

"அப்ப இதுல ஒண்ணு பொய்யா, அம்மா?"

"ரெண்டுமே உண்மைதான். முதல்ல எடுத்தப்ப எனக்கு ஒண்ணுமில்லாததுதான் புடிச்சிருந்துச்சு. இப்ப இருக்கறதப் பாத்துட்டு வந்திருக்கேன். முத்திரை போடுங்க."

பின்னால் நின்ற எலிசேயோ, "ரெண்டு முத்திரையாப் போடு தம்பி," என்றார்.

ஜூலை 9 அன்று தொல்லியலாளர்கள் அந்த இடத்தை ஆராய்ந்து அறுபத்து மூன்று கல்லறைகளை உறுதி செய்தார்கள். அவற்றில் நாற்பத்தெட்டு குழந்தைகளுடையவை. சாலை அறுநூறு மீட்டர் தெற்கே மாற்றப்பட்டது. இறந்தவர்களை நினைக்கும் நாளான நவம்பர் 1 அன்று, அனுமதி பெற்று, முப்பத்தொரு குடும்பங்கள் தகர மலர் வளையங்களோடு வந்தன. எலிசேயோ மூன்றாவது மேட்டைச் சுற்றிப் புது வேலி அடித்தார். புத்தகத்தின் இரண்டாம் பதிப்பில் 88ஆம் பக்கத்துப் படமும் தலைப்பும் மாற்றப்பட்டன.