சங்கரேஸ்வரி படுத்த பக்கம்

“தொடாத! யாரும் அதத் தொடக் கூடாது.”

மெத்தையின் முனையைத் தூக்கிய அக்காவின் கையை இசக்கித்துரை தட்டிவிட்டார். மனைவி சங்கரேஸ்வரி மாரடைப்பில் போய்ப் பதினோரு நாள் ஆகிறது.

“ஏலே, கோட்டியா புடிச்சிருக்கு? போனவ படுத்த மெத்தைய பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தி வெளிய போடணும்லா?” என்றாள் அக்கா சுந்தரம்மாள்.

“போனவளா? இங்கன பாருக்கா. படுத்த பள்ளம் அப்படியே கிடக்கு. நான் அந்தப் பக்கம் உருண்டுகூடப் படுக்கல.”

அவருக்கு இடுப்பில் ஆப்பரேசன் ஆனபோது மகள் காவியா வாங்கிப் போட்ட மெமரி ஃபோம் மெத்தை அது. இரண்டு ஒற்றைக் கட்டில்களைச் சேர்த்து, மேலே விரித்திருந்தார்கள். விற்ற கடைக்காரர் கபீர் துக்கம் கேட்க வந்தவர், வாசலிலேயே நின்றார்.

“கபீர், நீரு சொல்லும். இந்தப் பள்ளம் எத்தன வருசம் நிக்கும்?”

“வேண்டாம் அண்ணாச்சி, விடுங்க.”

“சொல்லும்வே!”

கபீர் உள்ளே வந்து, மெத்தையில் இசக்கித்துரை படுக்கும் பக்கம் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்து எடுத்தார். கைத்தடம் மெல்ல மெல்ல நிரம்பி மறைந்தது.

“பாத்தியளா? உடம்புச் சூட்டுக்கு இளகும். பாரம் விழுற இடத்துல இறங்கிக் குடுக்கும். ஆளு எந்திரிச்சா எழும்பிரும். பதினோரு நாளெல்லாம் நிக்காது. அடியில தாங்கப் பலகை இல்லன்னாத்தான் இப்படித் தொங்கும்.”

மெத்தையைப் புரட்டினார்கள். இசக்கித்துரையின் கட்டிலில் பலகைகள் வரிசையாக இருந்தன. அவற்றில் மூன்றுக்குப் புது ஆணி. சங்கரேஸ்வரியின் கட்டிலில், நடுவில், மூன்று பலகைக்கு இடம் வெறுமனே கிடந்தது.

காவியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஆடித்தபசுக்கு வந்த எம் பிள்ளைக குதிச்சு உங்க கட்டில்ல மூணு பலகை ஒடிஞ்சிட்டுப்பா. அம்மா அவ கட்டில்லருந்து கழத்தி அடிச்சா. ஆசாரி வந்தா ரெண்டு நாளாவும், அதுவர அப்பா தரையில கிடக்கணும், ஆப்பரேசன் பண்ணின இடுப்பு, பொறவு பாப்பம்னா. ஒங்கள்ட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டா.”

“ஆறு மாசமா இடுப்பு வலிக்கு வலிக்குன்னாளே.” இசக்கித்துரை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். “இம்புட்டு விலை மெத்தையிலயா வலிக்கு, ஒனக்கு ஓலப்பாய்தாம்ட்டி லாயக்குன்னு சிரிச்சேனே.”

“அதுக்கு அவ என்ன சொன்னா?”

“அவளும் சேந்து சிரிச்சாக்கா.”

கபீர்தான் மெத்தையைப் பழையபடி போட்டார்.

“இனி எடுத்துரலாம்லா, தம்பி?” சுந்தரம்மாள் குரலைத் தணித்துக் கேட்டாள்.

இசக்கித்துரை கட்டிலைச் சுற்றிப் போய், சங்கரேஸ்வரியின் பக்கம் படுத்தார். இடுப்பு பள்ளத்துக்குள் இறங்கியது. பல்லைக் கடித்தார்.

“ஏலே, எந்திரி! ஒன் இடுப்பு தாங்காது!”

“அப்பா, வேண்டாம்ப்பா!”

கபீர் நீட்டிய கையை அவர் பிடிக்கவில்லை.

“நாளைக்கு எடுத்துட்டுப் போங்க,” என்றார். “இன்னிக்கு ஒரு நாளு எனக்கு வலிக்கட்டும்.”